புளியமரத்துக் குரூப் போட்டோ

“எம் மூக்கு எங்க?” என்று கேட்டாள் ராணியம்மாள்.

தீனதயாளன் போட்டோவை வாங்கி, கையை நீட்டிப் பிடித்து, தலையைச் சாய்த்துப் பார்த்தான். பாஸ்போர்ட் சைஸ். புடவை கட்டிய ஒரு மேகம். மேகத்துக்கு நடுவில் இரண்டு கறுப்புப் புள்ளிகள்.

“இருக்குது பெரியம்மா. உத்துப் பாக்கக் கூடாது. ஒணரணும்.”

“நான் ஒணந்துக்குவேன். பேங்க் மேனேஜரு ஒணர மாட்றாரே! ‘நீங்க இங்க நிக்கிறீங்க, இதுல நிக்கிறது யாரு’ன்றாரு.”

“அவருக்குக் கலை தெரியாது.”

“மாட்டுக் கடனுக்கு இன்னாத்துக்குப்பா கலை?” என்று போட்டோவை மேஜைமேல் வைத்துவிட்டு ராணியம்மாள் படியிறங்கினாள். நேராகப் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் பழனி கடைக்குத்தான் போவாள். பழனி எடுத்தால் மூக்கு இருக்கும், மூக்குத்தி இருக்கும், மூக்குத்தியில் எத்தனை கல் என்பதும் இருக்கும். கள்ளக்குறிச்சி முழுக்கப் பழனி கடையில்தான் நின்றது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் வரை தீனதயாளனும் பழனி மாதிரிதான் எடுத்துக்கொண்டிருந்தான். ஒருநாள் கல்வராயன் மலைக்குப் போய், அருவிக்குப் பக்கத்தில் பாசிப் பாறையில் கால் வழுக்கி, கேமராவோடு உருண்டான். முட்டியில் இரத்தம். கேமராவுக்கு ஒன்றும் ஆகவில்லை, வெளியே ஒரு கீறல்கூட இல்லை. அன்றைக்கு எடுத்த படத்தைக் கழுவிப் பார்த்தபோது மலை மலையாக இல்லை. கனவாக இருந்தது.

அந்தக் கனவைக் கடலூரில் ஒரு போட்டிக்கு அனுப்பினான். ஆறுதல் பரிசு வந்தது. கூடவே நடுவர் தம் கைப்பட எழுதிய ஒரு வரி: ‘காணாததைக் காட்டும் கண்.’

அன்றிலிருந்து தீனதயாளன் போட்டோகிராபர் இல்லை, கலைஞன். கடைப் பெயரை ‘நிழலோவியம்’ என்று மாற்றினான். அந்த மலைப் படத்தைப் பெரிதாக்கி முன்பக்கக் கண்ணாடிக்குப் பின்னால் மாட்டினான். கடையில் கூட்டம் குறைந்தது. வீட்டுக்கு அரிசி மச்சான் வீட்டிலிருந்து வர ஆரம்பித்தது.

ராணியம்மாள் போன சற்று நேரத்தில் ஒரு ஜீப் வந்து நின்றது.

ஊரில் அன்றைக்குப் பஸ் ஓடவில்லை. இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரச் சாலை மறியல். உளுந்தூர்பேட்டையில் லாரிகள் வரிசைகட்டி நிற்கின்றன என்றார்கள். தியாகதுருகம் ரோட்டில் புளியமரத்தை வெட்டிக் குறுக்கே போட்டிருக்கிறார்கள் என்றார்கள். அப்படிப்பட்ட நாளில் ஜீப் எதற்கு வரும்?

இன்ஸ்பெக்டர் இறங்கினார். பின்னாலேயே ஏட்டு கந்தசாமி. இருவரும் உள்ளே வரவில்லை. கண்ணாடிக்கு முன்னால் நின்று மலைப் படத்தையே பார்த்தார்கள். தீனதயாளன் வெளியே ஓடினான்.

“இது என்ன படம்?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“கல்வராயன் மலை சார். காலைப் பனி.”

“மலை எங்க?”

“பனிக்கு உள்ள இருக்குது சார்.”

“முன்னால நிக்குதே, மரமா?”

“என் சம்சாரம் சார்.”

இன்ஸ்பெக்டர் ஏட்டைப் பார்த்தார். ஏட்டு இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். இரண்டு பேர் முகத்திலும் ஒரே நேரத்தில் விளக்குப் போட்டது போல ஒரு வெளிச்சம்.

“நீங்கதான் எனக்கு வேணும்” என்றார் இன்ஸ்பெக்டர்.

தீனதயாளன் கை கூப்பினான். இரண்டு வருஷமாக இந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் காத்திருந்தான். காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு வரும் என்றுதான் எதிர்பார்க்கவில்லை.

“தியாகதுருகம் ரோட்டுல மறியல் பண்றவங்களைப் போட்டோ எடுக்கணும். மேலிடத்து உத்தரவு. மூஞ்சியப் பாத்து ஆளப் புடிச்சு உள்ள போடப் போறாங்க. நாளைக்குச் சாயங்காலம் படம் என் கைக்கு வரணும்.”

“பழனின்னு ஒருத்தர்...” என்று தீனதயாளன் அடக்கமாக இழுத்தான்.

“பழனி வேணாம்!” இன்ஸ்பெக்டர் ஏறக்குறைய கத்தினார். பிறகு குரலைத் தணித்து, “அவன் எடுக்கறது வெறும் போட்டோ. நீங்க உங்க பாணியிலயே எடுங்க. துளி மாத்தக் கூடாது. புரியுதா?”

ஜீப் போனபிறகும் தீனதயாளன் புழுதிக்குக் கும்பிடு போட்டபடி நின்றான்.

கடைக்குப் பின்னாலேயே வீடு. அமிர்தம் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். விஷயத்தை அவன் மூச்சுவிடாமல் சொல்லி முடித்ததும் முறம் நின்றது.

“இது யாரு வூட்டு அரிசி?”

“இன்னா கேள்வி இது? தெய்வசிகாமணி மச்சான் வூட்டு அரிசி.”

“எங்கண்ணன் இப்ப எங்க இருக்குது?”

“தியாகதுருகம் ரோட்...” என்றவன் அப்படியே உட்கார்ந்தான்.

“மரத்த வெட்டுன மொத ஆளே அதுதான். நீங்க போட்டோ புடிச்சு, போலீஸு ஆளப் புடிச்சு, எங்கண்ணி புள்ளங்கள இட்டுகினு நம்ம வூட்டுக்கு வந்து நிக்கும். அரிசியும் வராது.”

“மாட்டேன்னா கடைய மூடிடுவாருடி.”

அமிர்தம் யோசித்தாள். முகம் தெளிந்தது. “அட, இதுல இன்னா? வழக்கம்போல எடுத்துகினு வாங்க. ஒருத்தர் மூஞ்சியும் தெரியாது.”

தீனதயாளனுக்குச் சுருக்கென்றது.

“எம் படத்துல மூஞ்சி தெரியாதுன்றியா?”

“அந்த மலைப் படத்துல நான் எங்க நிக்கிறேன்னு எனக்கே நீங்கதான் வெரல வெச்சுக் காட்டனீங்க.”

“உனக்குத் தெரியாது, பழனிக்குத் தெரியாது, ராணியம்மாளுக்குத் தெரியாது. இன்ஸ்பெக்டருக்குத் தெரிஞ்சுச்சு! நின்னு பாத்தாருடி அந்த மனுஷன். கலைக் கண்ணு! அவர் கண்ணுக்கு மச்சான் எந்தப் பனியில ஒளிஞ்சாலும் தப்ப முடியாது.” அவன் எழுந்து கேமராவை எடுத்து மார்போடு அணைத்தான். “வழக்கம்போல எடுத்தா மச்சான் மாட்டிக்கும். வேணும்னே கெடுத்துதான் எடுக்கணும். என் கலைய உங்க அண்ணனுக்காகப் பலி குடுக்கறேன், போ.”

“இன்னாத்தையோ குடுங்க. அண்ணன் மூஞ்சி தெரியக் கூடாது” என்று அமிர்தம் மறுபடி முறத்தை எடுத்தாள்.

மறுநாள் காலை தியாகதுருகம் ரோட்டில் புளியமரம் கிளையும் தழையுமாக மல்லாந்து கிடந்தது. அதற்கு இந்தப் பக்கம் ஒரு ஊர் உட்கார்ந்திருந்தது. நடு ரோட்டில் கல் கூட்டி அண்டாவில் சோறு வெந்துகொண்டிருந்தது. நாலு பேர் தார் ரோட்டில் கரியால் கோடு கிழித்து ஆடுபுலி ஆடிக்கொண்டிருந்தார்கள்.

“மாப்ள!” என்று தெய்வசிகாமணி ஓடிவந்தான். “சாப்ட்டியா? இன்னா கேமராவோட?”

தீனதயாளன் அவன் காதருகே போனான். “மச்சான், போலீஸு எடுக்கச் சொல்லியிருக்குது. மூஞ்சிய மூடிக்கோ. எல்லாரையும் மூடிக்கச் சொல்லு.”

தெய்வசிகாமணி திரும்பிக் கூட்டத்தைப் பார்த்துக் கத்தினான். “எலே! எம் மாப்ள போட்டோ புடிக்க வந்துகீறாரு! எல்லாம் வாங்க!”

அவ்வளவுதான். ஆடும் புலியும் ரோட்டோடு போயின. ஆளுக்கு ஆள் துண்டை உதறினார்கள். ஒரே சீப்பு பத்துத் தலைக்குப் போனது. யாரும் சொல்லாமலே, கல்யாண வீட்டுக் குரூப் போட்டோவுக்கு நிற்கிற மாதிரி உயரமானவர்கள் பின்னால், குட்டையானவர்கள் முன்னால், சின்ன வயசுக்காரர்கள் மண்டி போட்டு என்று வரிசை அமைந்துவிட்டது. கோஷம் எழுதிய அட்டையைப் பிடித்திருந்த ஒருவனை, “மூஞ்சிய மறைக்குது, எறக்குடா” என்று பின்னால் நின்றவனே அதட்டினான்.

“அய்யோ, போலீஸுக்கு எடுக்கறேங்க!” என்றான் தீனதயாளன், அழாத குறையாக.

“போலீஸுக்கா? அப்ப நல்லாவே எடு” என்று ஒரு குரல்.

ஆதிமூலம் என்ற பெரியவர். மணலூர்பேட்டைக்காரர். அடிமரத்தின் மேல் நடுநாயகமாக உட்கார்ந்து, கோடாலியை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டார். காதுவரை போகிற வெள்ளை மீசை. அதை இரண்டு பக்கமும் முறுக்கி விட்டார்.

“தம்பி, எம் மீசை நல்லா வரணும். ஒரு காப்பி எனக்கும் வேணும்.”

“பெரியவரே, உங்களுக்குப் பயமே இல்லியா?”

“போலீஸு இன்னா பண்ணிடும்?” பெரியவர் கண்ணில் ஒரு குறும்புச் சிரிப்பு வந்து உட்கார்ந்தது. “எடு எடு, சோறு கொழைஞ்சிடும்.”

தீனதயாளன் குனிந்து கேமராவின் மேல்கண்ணாடிக்குள் பார்த்தான். எல்லாரும் தெளிவாக நின்றார்கள். மச்சான் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். தீனதயாளன் ஒரு பெருமூச்சு விட்டான். போகஸ் திருகைப் பிடித்து, மனசைக் கல்லாக்கிக்கொண்டு, ஒரு கட்டைவிரல் தூரம் தப்பாகத் திருப்பினான். கண்ணாடிக்குள் கூட்டம் கரைந்து மோர் ஆயிற்று.

ஒரு ரோல் முழுக்க அப்படியே எடுத்தான்.

மத்தியானம் இருட்டறையில் பிலிமைக் கழுவி, முதல் படத்தைப் பேப்பரில் போட்டு மருந்துத் தட்டில் அமிழ்த்தினான். சிவப்பு விளக்கடியில் முதலில் ஒரு மீசை வந்தது. ஒவ்வொரு முடியாக வந்தது. பிறகு கோடாலியின் காம்பு, அதைப் பிடித்திருந்த விரல்களில் காய்த்திருந்த காப்பு, பின்வரிசை ஆளின் சட்டையில் இல்லாத பொத்தான், மச்சானின் முப்பத்திரண்டு பல்.

தீனதயாளன் கண்ணைக் கசக்கினான். அடுத்ததைப் போட்டான். அதுவும் கத்தி மாதிரி இருந்தது. பழனி ஏழு ஜென்மத்துக்கும் எடுக்க முடியாத தெளிவு.

கேமராவைப் பிடித்துக் கீழ்ப்பக்க லென்ஸை ஆட்டினான். லேசாக ‘லொடக்’ என்றது.

புரிந்துவிட்டது. குனிந்து பார்க்கிற லென்ஸ் ஒன்று, படம் பிடிக்கிற லென்ஸ் இன்னொன்று. அருவியில் விழுந்த அன்றைக்கே கீழ் லென்ஸ் இடம் தவறிவிட்டது. சரியாகத் திருப்பினால் மங்கும், தப்பாகத் திருப்பினால் தெளியும். இரண்டு வருஷமாக ஊருக்குக் காட்டிய கலை அவனுடையது இல்லை. அந்த லொடக்குடையது.

அமிர்தம் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தாள். தட்டை எட்டிப் பார்த்தாள். “அடப் பாவி மனுஷா! நெத்தித் தழும்புகூடத் தெரியுது எங்கண்ணனுக்கு!” என்று கையை ஓங்கியவள், அவன் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள்.

“அழறீங்களா?”

“மருந்து வாசன.”

அவன் சொல்லித்தான் அவளுக்கு லென்ஸ் கதை தெரிந்தது. அவள் ஓங்கிய கையை இறக்கினாள். பிறகு தட்டில் மிதந்த படத்தைக் காட்டினாள்.

“இந்தப் பெரியவரு நல்லா வந்திருக்காரு. நம்மளப் பாத்துகினு ஏதோ சொல்ல வராப்புல இருக்குது.”

கல்யாணமாகி எட்டு வருஷத்தில் அவன் படத்தை அவள் நல்லா இருக்கிறது என்று சொன்னது இதுதான் முதல் தடவை. தீனதயாளன் மறுபடி பார்த்தான். உண்மைதான். கோடாலியும் மீசையும் பயமுறுத்தின; கண் சிரித்தது. ஒரு மனுஷன் முழுசாக உட்கார்ந்திருந்தான். நடுவர் எழுதியதெல்லாம் இந்தப் படத்துக்கு எழுதியிருக்க வேண்டும்.

“மீசைய அப்பறம் ரசிங்க. அண்ணன எப்படி மறைக்கறது?”

வழி இருந்தது. பெரிதாக்கும் மெஷினில் லென்ஸை ஏற்றி இறக்கி, எல்லாப் படத்தையும் மங்கலாகவே பேப்பரில் போட்டான். மோர், மோர், ஒரே மோர். தெளிவாக வந்த இரண்டையும் அமிர்தம் வாங்கி அடுப்பில் போட்டாள். மங்கல் படங்கள் கொடியில் காய்ந்தன. மச்சான் பிழைத்தான்.

அப்போதுதான் ஆதிமூலம் கடைக்குள் வந்தார்.

“ஆச்சா தம்பி?”

தீனதயாளன் கொடியில் இருந்து ஒன்றைக் காட்டினான். பெரியவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது எதுப்பா, சோத்து அண்டாவா?”

“நீங்கதாங்க.”

பெரியவர் முகம் வாடியது. “மாப்ள வூட்டுக் கூடத்துல அவுங்க அப்பா அம்மா போட்டோ இருக்குது, அவுங்க தாத்தா போட்டோ இருக்குது, காலண்டரு இருக்குது. எம் போட்டோ மட்டும் இல்ல. பொண்ணக் குடுத்தவன் நானு. இதையாவது மாட்டலாம்னு பாத்தேன்” என்று படத்தை மெதுவாக மேஜைமேல் வைத்தார்.

தீனதயாளனுக்குத் தாங்கவில்லை. எடுத்ததிலேயே நல்ல படம், அதைக் கேட்டு வந்த ஒரே ரசிகர்.

“டீ குடிச்சுட்டு வாங்க பெரியவரே. ஒண்ணே ஒண்ணு தனியா போட்டுத் தரேன். யாருக்கும் காட்டாதீங்க.”

“நான் எதுக்கு ஊருக்குக் காட்டறேன்? கூடத்துல மாட்டறதோட சரி” என்று அவர் டீக்கடைக்குப் போனார்.

பெரிய சைஸில், மீசை முடி எண்ணிக்கொள்கிற மாதிரி ஒன்று போட்டான். கழுவி, சொட்டச் சொட்ட வெளியே கொண்டுவந்த நேரம் வாசலில் சைக்கிள் மணி. ஏட்டு கந்தசாமி.

“குடுங்க இப்டி!” என்று அமிர்தம் படத்தைப் பிடுங்கினாள். எங்கே ஒளிப்பது? ஈரப் படத்தைப் பளபளப்புக்காக முகத்தைக் கண்ணாடியில் ஒட்டிக் காயவைப்பதை அவள் தினமும் பார்க்கிறவள். பக்கத்தில் இருந்த கண்ணாடியில் சட்டென்று ஒட்டிவிட்டு நகர்ந்தாள். வெறும் வெள்ளை முதுகுதான் தெரிந்தது. தீனதயாளன் அவளை நன்றியோடு பார்த்தான்.

ஏட்டு கொடியில் தொங்கியவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தார். பார்க்கப் பார்க்க முகம் மலர்ந்தது.

“ஆகா! இது மரமா, மனுஷனா?”

“மனுஷன் ஏட்டய்யா.”

“பிரமாதம். அய்யா குளுந்துடுவாரு போங்க!” என்று படங்களைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

தீனதயாளன் மூச்சு விட்டான். விட்ட மூச்சை உள்ளே இழுக்குமுன் வாசலில் சத்தம்.

“டேய், நம்ம தெய்வசிகாமணிடா!”

“பின்னால பாரு, நானு! நானு!”

“மீசையப் பாருய்யா, சிங்கம்!”

அமிர்தம் ஒட்டியது கடையின் முன்பக்கக் கண்ணாடி. உள்ளே இருப்பவர்களுக்கு முதுகு, தெருவுக்கு முகம். கல்வராயன் மலைப் பனிக்குப் பக்கத்தில், புளியமரமும் முப்பத்திரண்டு பல்லும் மீசையுமாக மொத்தக் கூட்டமும் பஜாரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. நடுவில் ஏட்டு நின்றுகொண்டிருந்தார். அவர் முகத்தில் இருந்தது கோபமா, பேயறைந்த மாதிரியா என்று தீனதயாளனுக்குப் பிடிபடவில்லை.

“அத உரிச்சு எடுத்துகினு ஸ்டேஷனுக்கு வாய்யா” என்றார் கம்மிய குரலில்.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் முதலில் மங்கல் படங்களைப் பார்த்தார். ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். தானே உறையில் போட்டு, மேலிடத்து விலாசம் எழுதி, ஒட்டினார். தாளம் போட்டபடி, “கந்தசாமி, அது என்னய்யா கையில?” என்றார்.

ஏட்டு ஈரப் படத்தை மேஜைமேல் விரித்தார்.

தாளம் நின்றது.

“என்னய்யா இது... எல்லாரும் தெரியறாங்களே!”

“மீசை முடிகூட எண்ணலாம் சார்” என்றான் தீனதயாளன். வாய் தவறி வந்துவிட்டது. உடனே கை கூப்பினான். “சார், உண்மையச் சொல்லிடறேன். பல்லக் காட்டறது எம் பொண்டாட்டியோட அண்ணன். அவர் அரிசியிலதான் நாங்க சாப்பிடறோம். அவர மறைக்கத்தான் வேணும்னே கெடுத்து எடுத்தேன். கெடுத்ததுதான் சார் இப்படி நல்லா வந்துடுச்சு. புடிக்கறதா இருந்தா என்னப் புடிங்க. அவர வுட்டுருங்க.”

இன்ஸ்பெக்டர் அதைக் கேட்ட மாதிரியே தெரியவில்லை. அவர் விரல் படத்திலிருந்த மீசைமேல் போய் நின்றது.

“இதை எவ்ளோ பேரு பாத்தாங்க?”

“பஜாரு பூரா சார்.”

“இவரு... இவரு உன்கிட்ட காப்பி கேட்டாரா?”

“ஆமா சார். மாப்ள வூட்டுக் கூடத்துல மாட்டணுமாம்.”

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்தார். தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அப்படியே குனிந்துவிட்டார்.

ஏட்டு கந்தசாமி தீனதயாளனின் தோளைப் பிடித்து வாசல் பக்கம் தள்ளிக்கொண்டு போய், காதில் சொன்னார்:

“பழனிய வுட்டுட்டு உன்னத் தேடி வந்ததே, ஊர்ல மூஞ்சி தெரியாம எடுக்கறவன் நீ ஒருத்தன்தான்னு நம்பித்தான்யா... அந்த மீசைக்காரரு அய்யாவோட மாமனாரு!”